ஒரு கிலோ மருந்துக்கு 100 கிலோ கழிவா? 'கிரீன் கெமிஸ்ட்ரி' ஆய்விதழ் கேட்கும் கேள்வி!

நாம் போடும் மாத்திரை பார்க்க சின்னதாத்தான் இருக்கு. ஆனால் அதைத் தயாரிக்கும்போது தொழிற்சாலையில் எவ்வளவு கழிவு மிஞ்சுது தெரியுமா?

வேதியியலாளர் ரோஜர் ஷெல்டன் 1992-ல் ஒரு கணக்கு போட்டார். ஒரு கிலோ மருந்துப்பொருள் தயாரிக்க 25 முதல் 100 கிலோ வரை, சில சமயம் அதற்கு மேலும் கழிவு சேர்ந்தது. எண்ணெய் சுத்திகரிப்பில் இது ஒரு கிலோவுக்கு 100 கிராம்கூட இல்லை. இந்த அளவுகோலின் பெயர் 'ஈ ஃபேக்டர்'.

இதழ் எப்படி வந்தது?

கழிவு வந்த பிறகு சுத்தம் செய்வதைவிட, கழிவே வராதபடி தயாரிப்பு முறையை மாற்றுவதுதான் பசுமை வேதியியல். அமெரிக்காவின் பால் அனஸ்டாஸ், ஜான் வார்னர் இருவரும் 1998-ல் இதற்கு 12 விதிகளை வகுத்தனர். அடுத்த ஆண்டே பிரிட்டனின் ராயல் சொசைட்டி ஆஃப் கெமிஸ்ட்ரி, 'கிரீன் கெமிஸ்ட்ரி' ஆய்விதழைத் தொடங்கியது.

என்ன கண்டிஷன்?

'எங்க முறை பசுமையானது'ன்னு எழுதினா மட்டும் போதாது. ஏற்கெனவே இருக்கும் முறையோடு ஒப்பிட்டு, எந்த விதத்தில் மேல் என்று காட்டணும். துறை வல்லுநர்கள் அதைப் பரிசீலிப்பார்கள்.

இது ஏன் முக்கியம்? நச்சுக் கரைப்பானுக்குப் பதில் தண்ணீரைப் பயன்படுத்தினால் நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் அந்தத் தண்ணீரில் ரசாயனம் கலந்துவிட்டால், அதைச் சுத்திகரிக்கத் தனியாக மின்சாரமும் செலவும் ஆகும். முழுக் கணக்கையும் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

நடைமுறையில் சாத்தியமா?

வலி நிவாரணி ஐபுபுரோஃபன் இதற்கு நல்ல உதாரணம். பழைய முறையில் 6 கட்டங்கள். மூலப்பொருட்களில் உள்ள அணுக்களில், எடைக் கணக்கில் சுமார் 40 சதவீதமே மருந்தாக மாறின, மீதி வீண். பி.ஹெச்.சி. நிறுவனம் இதை 3 கட்டங்களாகக் குறைத்தது. பயன்பாடு 77 சதவீதமானது. துணைப்பொருளாக வரும் அசிட்டிக் அமிலத்தையும் மீட்டுப் பயன்படுத்தினால், 99 சதவீதம்! இதற்காக 1997-ல் அமெரிக்க அதிபரின் பசுமை வேதியியல் விருதும் கிடைத்தது.

மாத்திரை அதேதான், பலனும் அதேதான். குறைந்தது கழிவு மட்டுமே.

அடுத்த முறை ஏதாவது பொருளில் 'எக்கோ ஃப்ரெண்ட்லி' என்ற ஸ்டிக்கரைப் பார்த்தால், அந்த இதழ் கேட்கும் கேள்வியை நீங்களும் கேட்கலாம்: எதோட ஒப்பிட்டுச் சொல்றீங்க?