உங்களுக்குத் தெரியுமா? மான் வாய் வைக்காத கிழங்குப் பூ
தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்தில் பூச்செடிக்கு எதிரி மானல்ல, தெருவில் திரியும் ஆடுதான். வெளிமான்கள் இதே மாவட்டத்தில் 1987-இல் அமைந்த வல்லநாடு சரணாலயத்தோடு சரி. இரண்டுமே பொதுவாக ஒதுங்கிப்போகும் செடி, நம் மாநில மலரான செங்காந்தள். கிழங்கு முதல் விதைவரை கோல்ச்சிசின் என்ற நஞ்சு. அதையே அளவோடு கவுட் மூட்டுவலிக்கு மருந்தாகத் தருகிறார்கள்!

கிழங்கு கலப்பைபோல் வளைந்திருக்கும். முளை அதன் நுனியில்தான். நுனி ஒடிந்த கிழங்கை வாங்காதீர்கள். மழைக்காலத்தில் இலைநுனியே சுருண்டு வேலிக்கம்பியைப் பற்றி ஏறும். பச்சையாக விரியும் பூ மஞ்சளாகி, பிறகு செக்கச்செவேலென்று மாறும்.

கொடி வேண்டாமென்றால் விஷமூங்கில் என்ற பூச்செடியை வையுங்கள். வெள்ளைப் பூ, கடற்கரை மணலிலும் வளரும். இரண்டையும் கையுறை போட்டு நடுங்கள்; பிள்ளைகள் விளையாடும் பக்கம் வேண்டவே வேண்டாம்.