எஃப்எம் ஒலியின் தரத்தை எப்படிக் கணிப்பது?

ஒரே பாட்டு ஒரு நிலையத்தில் முழங்குகிறது, அடுத்த நிலையத்தில் அடங்கிக் கேட்கிறது. ஏன்? டிரான்ஸ்மிட்டரின் பவர் இதற்குக் காரணமல்ல. எஃப்எம் அலை தன் மைய அதிர்வெண்ணிலிருந்து இருபுறமும் 75 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் விலகக் கூடாது. ஒலியின் உச்சங்களுக்கு அதுவே கூரை. சத்தம் கூட வேண்டுமானால், கூரையை மீறாமல் மெல்லிய ஒலிகளைத் தூக்கி, உச்சங்களை வெட்ட வேண்டும். அதைச் செய்யும் கருவிதான் ஆடியோ பிராசஸர். அமெரிக்காவில் ராபர்ட் ஆர்பன் 1975இல் கொண்டுவந்த ஆப்டிமாட் என்ற பிராசஸர் இந்தத் துறையின் போக்கையே மாற்றியது.

இந்தக் கூரைச் சிக்கல் உச்ச ஸ்தாயியில்தான் கடுமையாகிறது. இரைச்சலைக் குறைக்க, எஃப்எம்மில் உயர் அதிர்வெண்களை முன்கூட்டியே பெருக்கி அனுப்புகிறார்கள். அமெரிக்க முறையில் 15 கிலோஹெர்ட்ஸில் இந்தப் பெருக்கம் சுமார் 7 மடங்கு. அதனால் ஜால்ராவும், பாடகரின் ‘ஸ’கரமும் முதலில் கூரையில் முட்டுகின்றன. மட்டமான பிராசஸரில் அவை கிழிந்து கேட்கும்.

இரண்டு கருவிகளை ஒப்பிடும்போது முதலில் சத்தத்தைச் சமமாக்குங்கள். சற்றே உரத்ததைக் காது ‘நல்லது’ என்று நம்பிவிடும். இதைச் செய்யாத ஒப்பீட்டை நான் பொருட்படுத்துவதில்லை. பிறகு மூலப் பதிவோடு மாற்றி மாற்றிக் கேளுங்கள். டிரம் அடிக்கும்போதெல்லாம் குரல் பின்வாங்குகிறதா? அறிவிப்பாளர் மூச்சு விடும் இடைவெளியில் அறையின் இரைச்சல் மேலெழுகிறதா? வெறும் பேச்சையும் அவசியம் கேளுங்கள், மனிதக் குரலில் பிழை ஒளிய முடியாது. ஒரு நிமிடத்தில் அசத்தும் ஒலி, ஒரு மணி நேரத்தில் காதைக் களைப்பாக்கலாம். அந்த நீண்ட கேட்பையே நான் அதிகம் நம்புவேன்.