உஷார்! விடியற்காலை வெளிச்சம் மெமரி கார்டைக் காலி செய்யும்

ஏரிக்கரையிலோ தோட்டத்துக் கிணற்றடியிலோ சோலார் பேனல் மாட்டி, ராஸ்பெரி பை கணினியில் நீர்மட்டமும் மழையளவும் பதிவு செய்கிறீர்களா? ஐப்பசி மேகம் கட்டுவதற்குள் ஒருமுறை போய்ப் பார்த்துவிடுங்கள். தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி பெய்வது அக்டோபர் முதல் டிசம்பர் வரை. பதிவு மிகவும் தேவைப்படும் அந்த நாட்களில்தான் இந்தப் பெட்டி காலை வாரும். அன்றைய கணக்கு மட்டும் போனால் பரவாயில்லை, கோடையிலிருந்து சேர்த்தது மொத்தமும் போகலாம்.

ராத்திரி பேட்டரி தீர்ந்து கணினி ஒருமுறை அணைவதை எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள். ஆபத்து விடிந்த பிறகுதான். மூடிய வானத்தில் பேனல் கொஞ்சமாகச் சார்ஜ் ஏற்றும். வோல்டேஜ் ஏறியதும் சார்ஜ் கண்ட்ரோலர் கணினிக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும். எழும் நேரத்தில்தான் கணினி அதிகம் இழுக்கும். காலியான பேட்டரி தாங்காது, அணையும். சுமை இறங்கியதும் வோல்டேஜ் மறுபடி ஏறும், கணினி மறுபடி எழும். ஒரே காலையில் இந்தக் கூத்து எத்தனை முறையும் நடக்கலாம். ஒவ்வொரு முறையும் கார்டில் ஏதோ எழுதிக்கொண்டிருக்கும்போதே உயிர் போகிறது.

மெமரி கார்டு ஒரு வரியை மாற்றினாலும், அது இருக்கும் தொகுதியையே வேறிடத்தில் எழுதிப் பழையதை அழிக்க வேண்டியிருக்கும். எது எங்கே இருக்கிறது என்ற அட்டவணையையும் கார்டே உள்ளுக்குள் வைத்திருக்கிறது. அட்டவணை மாறும் நொடியில் மின்சாரம் போனால், தொடாத பழைய கோப்புகளும் சேர்ந்து தொலையும். எக்ஸ்ட்4 கோப்பு முறைமையில், மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் ஜர்னல் இருக்கிறதே என்று தைரியமாக இருக்காதீர்கள். கார்டின் உட்கணக்கு ஜர்னலுக்குத் தெரியாது. அதே கார்டில் தனிப் பார்ட்டிஷன் போட்டுத் தரவை வைப்பதும் இதே காரணத்தால் வீண்.

பேட்டரிக் கணக்கைப் பாருங்கள். 12 வோல்ட், 7 ஆம்பியர்-அவர் என்றால் 84 வாட்-அவர். லெட் ஆசிட் பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது, மிஞ்சுவது 42. 2 வாட் இழுக்கும் கணினி வெயில் இல்லாமல் ஒரு முழுநாள்கூடத் தாங்காது. அடைமழையோ மூன்று நாள் நிற்காது. கடைக்காரர் பெரிய பேனல் வாங்கச் சொல்வார். வாங்குங்கள், ஆனால் முதலில் கணினியைச் சிறிதாக்குங்கள். பை ஸீரோ வகை, சும்மா இருக்கையில் 1 வாட்டுக்கும் கீழே ஓடும்.

துண்டித்த மின்சாரம் திரும்ப இணையும் வோல்டேஜை உயர்த்தி வையுங்கள். இதை மாற்ற விடாத கண்ட்ரோலர் இந்த வேலைக்கு ஆகாது. பேட்டரி இறங்கும்போது கணினி தானாக முறையாக மூடிக்கொள்ள வேண்டும். வோல்டேஜை நேரடியாக அளக்கும் வசதி பை-யில் கிடையாது, அதற்கொரு சிறு போர்டு தேவை. இயங்குதளம் இருக்கும் கார்டை, பை-யின் அமைப்புக் கருவியான ராஸ்பி-கான்ஃபிக்கில் ஓவர்லே முறைக்கு மாற்றினால் அதில் எதுவும் எழுதப்படாது. தரவு தனி யூஎஸ்பி டிரைவில் சேரட்டும். சிக்னல் கிடைக்கும்போதெல்லாம் ஒரு பிரதி வெளியே போகட்டும்.

கடிகாரத்தையும் கவனியுங்கள். பை 5-க்கு முந்தைய போர்டுகளில் நேரம் காக்கும் சிப் இல்லை. பை 5-இலும் அதற்கான பேட்டரியைத் தனியாக வாங்க வேண்டும். நெட்வொர்க் இல்லாமல் எழுந்தால் நேற்றைய நேரத்தைப் போட்டு இன்றைய வெள்ளத்தைப் பதியும். தரவு இல்லாததைவிட இது மோசம். டிஎஸ்3231 கடிகார மாட்யூல் ஒன்று மாட்டினால் தீர்ந்தது.

இந்த வாரமே கார்டை முழுதாக நகலெடுத்துவிட்டு, பேனலைத் தார்ப்பாயால் மூடி, பேட்டரி தானாக இறங்கும்வரை விடுங்கள். பிறகு தார்ப்பாயைக் கால்வாசி மட்டும் விலக்கிப் பாருங்கள். கணினி எழுந்து எழுந்து விழுந்தால், சரி செய்யும்வரை அதை நம்பி எதையும் பதிய வேண்டாம்.