சாலை சுமக்கட்டும்!

மாடு பூட்டி வெளியூர் புறப்படும் வண்டிக்காரன் என்ன செய்வான்? வண்டிக்கு அடியிலே வைக்கோலைக் கட்டித் தொங்கவிடுவான். ஊரார் சரக்கையும் மாடு இழுக்க வேண்டும். தன் தீனியையும் தானே இழுக்க வேண்டும். மாட்டின் விதி அது!

மின்சார லாரி வந்துவிட்டது. விதி மாறிற்றா? இல்லை! ஓடத் தேவையான மின்சாரத்தைப் பேட்டரியிலே அடைத்து, டன் கணக்கான அந்தப் பாரத்தையும் சுமந்துகொண்டே ஓடுகிறது. தொலைவு கூடினால் பேட்டரியும் பெரிதாக வேண்டும், பாரமும் கூடும்.

மின்சார ரயில் இப்படியா சுமக்கிறது? தலைக்கு மேலே கம்பி கொடுக்கிறது; வண்டி வாங்கிக்கொள்கிறது. சாலைக்கும் அந்தக் கம்பி ஏன் கூடாது? பழைய கேள்விதான் இது. 1882ஆம் ஆண்டிலேயே, பெர்லினை அடுத்த ஹாலன்சேயில், தண்டவாளமில்லாத வண்டியைக் கம்பி மின்சாரத்தால் ஓட்டிக் காட்டினார் வெர்னர் ஃபான் சீமென்ஸ்.

2016இல் சுவீடன் நாடு துணிந்தது. சாண்ட்விக்கன் அருகே பொது நெடுஞ்சாலையில் 2 கிலோமீட்டருக்குக் கம்பி கட்டியது. ரயிலுக்குத் தண்டவாளம் உண்டு, மின்சாரம் திரும்பிச் செல்ல. லாரிக்கோ ரப்பர்ச் சக்கரம். ஆகவே கம்பி ஒன்றல்ல, இரண்டு! கம்பியைக் கண்டதும் லாரியின் கூரையிலுள்ள கை எழுந்து தொடும். ஓட்டத்துக்கும் மின்சாரம், பேட்டரிக்கும் மின்சாரம். முந்திச் செல்ல விலகினால் கை மடங்கும், பேட்டரி பார்த்துக்கொள்ளும். சிறு பேட்டரியே போதும்! 2018இல் ஆர்லாண்டா விமான நிலையத்தருகே சாலைக்குள்ளேயே மின்தடம் பதித்தனர். 2019இல் ஜெர்மனியும் பிராங்பர்ட்டுக்குத் தெற்கே கம்பி கட்டியது.

லாரி ஓடிற்று. திட்டம் ஓடிற்றா? ஹால்ஸ்பெரி - ஓரெப்ரோ இடையே 21 கிலோமீட்டருக்கு நிலையான மின்சாலை அமைக்கப் போவதாகச் சொன்ன சுவீடன், 2023இல் செலவு மிகுதி என்று ஒப்பந்த வேலையை நிறுத்திவிட்டது.

லாரி இல்லாமல் கம்பி ஏன் என்கிறது கருவூலம். கம்பி இல்லாமல் அந்த லாரி ஏன் என்கிறார் முதலாளி. பைத்தியம் தெளிந்தால் கலியாணம். கலியாணமானால் பைத்தியம் தெளியும் என்ற கதைதான்!

"பேட்டரி விலை இறங்கி வருகிறதே!" என்பர். விலை இறங்கிற்று, மறுக்கவில்லை. எடை மறைந்து போயிற்றா? ஆளுக்கொரு கிணறு வெட்டுவது ஒரு வழி. ஊருக்கு ஒரு குளம் வெட்டுவது இன்னொரு வழி. குளத்தைத் தனியொருவன் வெட்டமாட்டான். அதற்குத்தான் அரசு! 2 கிலோமீட்டர் கட்டிப் பார்த்து இலாபக் கணக்குப் போட்டால், எந்த ரயில் பாதையும் உலகில் பிறந்திராது.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம், தோழர்களே! ஓடும்போதே மின்சாரம் ஏறினால் லாரி நிற்க வேண்டியதில்லை. ஓட்டுகிற தோழனுக்கோ ஓய்வு வேண்டும். நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வு என்பது ஐரோப்பியச் சட்டம். வண்டி களைக்கவில்லை என்று காட்டி அந்த ஓய்விலே கைவைக்க எவரும் எண்ணலாகாது.

லாரியின் முதுகிலிருந்து இறக்கும் சுமை, தொழிலாளியின் தோளில் ஏறக்கூடாது. பொதுச் சொத்தாகிய சாலை சுமக்கட்டும்! அதைத்தான் நாம் கேட்கிறோம்.