சுவரில் வளர்ந்த கலை

தன் வழியே செல்பவனை ஒரு கணம் நிற்க வைப்பதே விளம்பரச் சுவரொட்டியின் தொழில். அத்தொழில் கலையாக உயர்ந்த வரலாற்றை இங்குச் சிறிது காண்போம்.

இதற்கு வழி வகுத்தது கல்லச்சு. பவேரியாவில் அலாய்ஸ் செனஃபெல்டர் 1796ஆம் ஆண்டளவில் இதனைக் கண்டறிந்தார். எண்ணெயும் நீரும் ஒட்டா என்பதே இதன் அடிப்படை. சுண்ணாம்புக் கல்லில் கொழுப்பு மையால் வரைந்து, கல்லை நனைத்தால், வரைந்த இடம் மட்டுமே அச்சு மையை ஏற்கும். வண்ணம் ஒவ்வொன்றுக்கும் தனிக் கல் வேண்டும். பாரிஸ் நகரில் ழூல் ஷெரே சில கற்களைக் கொண்டே பற்பல சாயல்களை வருவித்தார். 1891இல் துலூஸ் லோத்ரெக் 'மூலன் ரூஜ்' ஆடலரங்குக்கு வரைந்த சுவரொட்டி பெரும்புகழ் பெற்றது. கலையன்பர்கள் இத்தகைய தாள்களைச் சுவரிலிருந்து உரித்தெடுத்துப் போற்றலாயினர்.

தமிழகத்தில் இக்கலைக்குத் தாயகமானது சிவகாசி. 1920களில் அங்குத் தோன்றிய தீப்பெட்டித் தொழிலுக்கு வண்ணச் சீட்டுகள் தேவைப்பட்டன. அதனால் வளர்ந்த அச்சகங்கள் பின்னர் நாட்காட்டிகளையும் திரைப்படச் சுவரொட்டிகளையும் அச்சிட்டன. 1948இல் எஸ். எஸ். வாசன் 'சந்திரலேகா' படத்துக்குச் செய்த விளம்பரம் நாடெங்கும் பேசப்பட்டது.

தமிழ்ச் சுவரொட்டியின் தனிச்சிறப்பு அதன் எழுத்தாகும். ஈய அச்செழுத்துகள் பெருந்தலைப்புக்குப் போதாமையால் ஓவியரே எழுத்தை வரைந்தார். வீரக் கதையில் அது வாளாக நிமிர்ந்தது. காதற் கதையில் கொடியாக வளைந்தது. கல்லில் நேரே வரையுங்கால் எழுத்தை இடவலமாக மாற்றி எழுதும் திறமும் வேண்டும்.

இவ்வெழுத்தின் பயனைப் பிற மாநிலங்களில் வாழும் நாம் நன்கு அறிவோம். பெங்களூரில் 1809இல் ஆங்கிலேயர் தண்டு அமைத்த பின், படைவீரராயும் தொழிலாளராயும் தமிழர் பலர் அங்குக் குடியேறினர். ஆஸ்டின் டவுன் போன்ற அப்பகுதிகளில், வீட்டில் தமிழ் பேசிப் பள்ளியில் பிறமொழி பயிலும் பிள்ளைக்குத் தமிழ்த் திரைப்படச் சுவரொட்டியும் ஓர் அரிச்சுவடியாக உதவும். விருப்பமான நடிகரின் முகத்தைக் கண்டு, அதன் கீழுள்ள பெயரை எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளைக்குத் தாய்மொழி எளிதில் வசமாகும்.

இன்று கணிப்பொறியும் ஃபிளெக்ஸ் துணியும் கைவண்ணத்தின் இடத்தைப் பெரிதும் கவர்ந்துவிட்டன. மழையில் கரைவதற்கென்றே பிறந்தவை அத்தாள்கள். எனவே, பழைய சுவரொட்டி ஒன்று நம் பெட்டியடியில் கிடைக்குமாயின், அதனைக் குப்பையென எறியாது பேணுவோம். நம் எழுத்தின் வரலாற்றில் அதுவும் ஓர் ஏடே.