நலமாக நிற்கும் மாட்டுக்குள் குடியிருப்பது யார், தெரியுமா?

1993-ன் கடைசியில் மதுரை வட்டாரத்தில் பெருமழை, வெள்ளம். தண்ணீர் வடிந்த பிறகு வரிசை கட்டி வந்தவர்கள் யார் தெரியுமா? கண் நோயாளிகள்! கண் சிவந்து, உள்ளே வீக்கம் கண்டு, பார்வை மங்கியவர்கள் ஒருவர் பின் ஒருவராக அரவிந்த் கண் மருத்துவமனைக்கு வந்தார்கள். டாக்டர் எஸ். ஆர். ரத்தினமும் அவரது குழுவினரும் 73 பேரை ஆராய்ந்து 1997-ல் முடிவை வெளியிட்டார்கள். குற்றவாளி, எலிக்காய்ச்சலை உண்டாக்கும் லெப்டோஸ்பைரா! வெள்ளத் தண்ணீர் வழியாக உடம்புக்குள் நுழைகிற இந்தக் கிருமி, காய்ச்சல் தணிந்து ஆள் எழுந்து நடமாடத் தொடங்கிய பிறகு, சில வாரங்களோ மாதங்களோ கழித்துக்கூடக் கண்ணில் தன் வேலையைக் காட்டும்.

மனிதர் கண்ணுக்கும் மாட்டுக் கொட்டகைக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? குதிரை லாயம் வழியாகப் போனால் சம்பந்தம் தெரியும். குதிரைகளுக்கு விட்டு விட்டு வரும் ஒரு கண் வீக்கம் உண்டு; திரும்பத் திரும்ப வந்து, கடைசியில் பார்வையையே பறித்துவிடும். அந்தக் காலத்து ஐரோப்பியர்கள் வளர்பிறை, தேய்பிறைக்கு ஏற்ப அது வந்து போகிறது என்று நம்பி, 'நிலாக் குருடு' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். பாவம், நிலா நிரபராதி! ஜெர்மனியில் கால்நடை மருத்துவர்கள் அறுவை சிகிச்சையில் வெளியே எடுத்த குதிரைக் கண்ணின் கூழ்மத்தில் லெப்டோஸ்பைராவையே கண்டுபிடித்தார்கள்.

அமெரிக்காவின் கென்டக்கியில் குதிரைகளுக்கென்றே இருக்கும் குளுக் ஆராய்ச்சி மையத்தில் கண்டது அதைவிட வியப்பு. இந்தக் கிருமியின் இரண்டு புரதங்கள், குதிரையின் கண் வில்லையிலும் விழித்திரையிலும் உள்ள புரதங்களைப் போலவே ஏமாற்றுகின்றனவாம். கிருமியை அடிக்கக் கிளம்பும் எதிர்ப்புப் பொருள்கள் அடையாளம் தெரியாமல் கண்ணையே அடிக்கின்றன! அதிலும் உடம்பெல்லாம் புள்ளி போட்ட அப்பலூசா இனக் குதிரைகள்தான் இதில் அதிகம் மாட்டிக்கொள்கின்றன.

சரி, ஆள் எப்படி இருப்பான்? நீளச் சுருள். தடிமன் வெறும் 0.1 மைக்ரோமீட்டர். ஐந்நூறு லெப்டோஸ்பைராக்களைப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கினாலும் ஒரு தலைமுடியின் அகலத்தைத் தாண்டாது! இவ்வளவு ஒல்லி என்பதால் சாதாரண நுண்ணோக்கியில் சாயம் போட்டுத் தேடினாலும் சிக்காது. பின்னணியை இருட்டாக்கி, பக்கவாட்டில் ஒளி பாய்ச்சும் தனி நுண்ணோக்கி வேண்டும். மற்ற பாக்டீரியாக்களைத் தடுத்து நிறுத்தும் நுண்வடிகட்டியிலும் இது நெளிந்து தப்பிவிடும். 1907-ல் ஸ்டிம்சன் என்ற அமெரிக்க மருத்துவர், மஞ்சள் காய்ச்சலில் இறந்ததாகக் கருதப்பட்ட ஒருவரின் சிறுநீரகத் துண்டில் இதைப் பார்த்தார். முனை வளைந்து, அச்சு அசல் கேள்விக்குறி!

அந்தக் கேள்விக்குறி ஒரு பெரிய விஞ்ஞானியையே திசைதிருப்பிய கதை தெரியுமா? ஜப்பானில் பிறந்து நியூயார்க்கில் புகழ்பெற்ற ஹிடேயோ நொகுச்சி, 1918-ல் ஈக்வடார் போய், மஞ்சள் காய்ச்சலுக்குக் காரணம் ஒருவகை லெப்டோஸ்பைராதான் என்று அறிவித்தார். தடுப்பூசிகூடத் தயாரானது! உண்மையில் மஞ்சள் காய்ச்சல் கொசு பரப்பும் வைரஸ் நோய். இரண்டிலும் உடம்பு மஞ்சளாகும், குழப்பம் அங்கேதான். சந்தேகங்கள் வலுத்தபோது தன் முடிவைச் சரிபார்க்க ஆப்பிரிக்கா போன நொகுச்சி, 1928-ல் அக்ரா நகரில் மஞ்சள் காய்ச்சலுக்கே பலியானார். 2004-ல் வந்த ஆயிரம் யென் நோட்டில் ஜப்பான் அச்சடித்தது இவர் முகத்தைத்தான். லெப்டோஸ்பைரா என்ற பேரினப் பெயரைச் சூட்டியவரும் இவரே.

இனி சாப்பாடு. பெரும்பாலான கிருமிகளுக்குச் சர்க்கரை என்றால் உயிர். இதற்கு வேண்டாம்! கொழுப்பு அமிலம்தான் இதன் எரிபொருள். அமெரிக்காவில் அயோவா மாநிலத்து ஏம்ஸ் நகரில், கால்நடை நோய் ஆய்வகத்தில் இருந்தவர்கள் இதைப் புரிந்துகொண்டு, மாட்டு ரத்தப் புரதம் சேர்த்து ஒரு வளர்ப்பூடகம் உருவாக்கினார்கள். உலகம் முழுவதும் ஆய்வகங்கள் இன்றும் புழங்குவது அதன் வழிவந்ததைத்தான். அப்படி ஊட்டினாலும் ஆடி அசைந்து வாரக்கணக்கில் வளரும். அதற்குள் மற்ற கிருமிகள் முந்திக்கொள்ளும். அவற்றைத் தடுக்க ஊடகத்தில் எதைக் கலக்கிறார்கள் தெரியுமா? ஃபுளூரோயுராசில், புற்றுநோய்க்குக் கொடுக்கும் அதே மருந்தை!

இப்போது கொட்டகைக்கு வருவோம், விஷயம் இங்கேதான் இருக்கிறது. பெயர் எலிக்காய்ச்சல் என்பதால் எலி மட்டும்தான் வில்லன் என்று நினைத்துவிடாதீர்கள். லெப்டோஸ்பைராவில் 250-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் பிடித்த பிராணி வேறு. நாய்க்கு ஒன்று, பன்றிக்கு ஒன்று, மாட்டுக்கு ஒன்று. மாட்டைப் பிடித்திருப்பதன் பெயர் ஹார்ஜோ. சிறுநீரகத்தின் நுண்குழாய்களுக்குள், ரத்தத்தின் எதிர்ப்புப் பொருள்கள் எட்டாத மூலையில் குடியேறி, மாதக்கணக்கில் சிறுநீரோடு வெளியேறிக்கொண்டே இருக்கும். மாடோ நன்றாக மேயும், அசைபோடும், வாலை ஆட்டும்!

இதில் ஒரு நுட்பம் பாருங்கள். அமிலம் லெப்டோஸ்பைராவுக்கு ஆகாது. மனிதச் சிறுநீர் பெரும்பாலும் அமிலம். மனிதரிடமிருந்து மனிதருக்கு எலிக்காய்ச்சல் தொற்றுவது மிக அரிது. புல் தின்னும் மாட்டின் சிறுநீரோ காரம். கிருமிக்குக் கொண்டாட்டம்! ஈரமும் நிழலும் இருக்கும் தொழுவத்துச் சேற்றுக்குள் கால் வெடிப்போடு இறங்குபவரின் நிலைமையை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

வேடிக்கை என்னவென்றால், ஹார்ஜோ ஒருவன் இல்லை, இருவர்! பரிசோதனையில் ஒரே மேற்சட்டை. மரபணுவைப் பிரித்துப் பார்த்தால் இரண்டு வெவ்வேறு இனங்கள். அதில் மாடுகளிடம் அதிகம் பரவியிருக்கும் போர்க்பீட்டர்செனி இனத்தின் மரபணுத் தொகுதியை 2006-ல் முழுமையாகப் படித்தார்கள். அது சுருங்கிக்கொண்டே போகிறதாம்! உறவுக்கார இனத்துக்கு 46 லட்சம் எழுத்துகளுக்கு மேல் இருக்க, இதற்கு 39 லட்சம்தான். தொலைத்தவற்றில் முக்கியமானவை தண்ணீரில் தனியாகப் பிழைக்க உதவும் மரபணுக்கள். மாட்டிலிருந்து மாட்டுக்கே போய்க்கொண்டிருந்தால் போதும் என்று ஆகிவிட்டது. குளம் குட்டையைப் பற்றி அதற்கென்ன கவலை?

பண்ணையில் இது பிடிபடும் விதமும் விசித்திரம். சில மாடுகளில் திடீரென்று பால் சரியும். மடிநோய் என்றால் மடி கெட்டிப்படும், சூடு இருக்கும். இங்கே மடி தொளதொளவென்று தளர்ந்திருக்கும். நான்கு காம்பிலும் சீம்பால் போல மஞ்சளாக, திக்காக வரும். இல்லையென்றால், தொற்றிப் பல வாரம் கழித்துச் சினை கலையும். அதற்குள் காய்ச்சல் வந்த சுவடே இருக்காது.

நியூசிலாந்தில் என்ன நடந்தது தெரியுமா? அங்கே பால் கறப்பவர்கள் குழியில் நின்று கறப்பார்கள். மாடுகள் மேலே மேடையில். மாடு சிறுநீர் கழித்தால் நேரே முகத்தில் தெறிக்கும்! 1970-களில் பால் பண்ணைக்காரர்களை எலிக்காய்ச்சல் வாட்டி எடுத்தது. மாஸி பல்கலைக்கழகக் கால்நடை ஆய்வாளர்கள் ஆராய்ந்து சொன்ன தீர்வு, ஊசியை மாட்டுக்குப் போடுங்கள் என்பதுதான். மாட்டுக்குப் போட்டார்கள், மனிதருக்கு நோய் சரிந்தது! உலகம் முழுக்க ஆண்டுக்குச் சுமார் 10.3 லட்சம் பேரைத் தாக்கி, ஏறக்குறைய 58,900 பேரைக் கொல்வதாக 2015-ல் மதிப்பிடப்பட்ட நோய்க்கு இதைவிட மலிவான வைத்தியம் எனக்குத் தெரிந்து இல்லை.

லெப்டோஸ்பைராவின் சகாக்களும் லேசுப்பட்டவர்கள் அல்ல. கன்று வீச்சு நோயைக் கொண்டுவரும் புரூசெல்லாவை எடுத்துக்கொள்ளுங்கள். மால்டா தீவில் பிரிட்டிஷ் சிப்பாய்களைப் படுக்கையில் தள்ளிய காய்ச்சலுக்கு மூலம் ஆட்டுப்பால் என்று 1905-ல் கண்டுபிடித்தவர் தெமிஸ்டாக்ளிஸ் ஸாமிட். அந்த ஆடுகள் பார்க்க எப்படி இருந்தன? கொழுகொழுவென்று, துள்ளிக்கொண்டு! அதே ஆண்டு மால்டா ஆடுகளை ஏற்றி அமெரிக்காவுக்குப் புறப்பட்ட கப்பலில், வழியில் பால் கறந்து குடித்தவர்கள் பலர் காய்ச்சலில் விழுந்தார்கள். ஸாமிட்டுக்கு இன்னொரு முகமும் உண்டு. மால்டாவின் கற்காலக் கோயில்களைத் தோண்டி வெளிக்கொண்டுவந்த தொல்லியலாளரும் அவரே! கிருமியையும் கோயிலையும் ஒரே ஆள் தோண்டியிருக்கிறார்.

இந்தக் கிருமி மாட்டின் நஞ்சுக்கொடிக்கே ஏன் ஓடுகிறது? 1960-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் ஹாரி ஸ்மித் குழுவினர் விடை கண்டார்கள். மாடு, ஆடு, பன்றி இவற்றின் நஞ்சுக்கொடியில் எரித்ரிட்டால் என்ற இனிப்புப் பொருள் நிறைய இருக்கிறது. புரூசெல்லாவுக்கு அது விருந்து! அவர்கள் பார்த்தவரை மனித நஞ்சுக்கொடியில் அது இல்லை. எரித்ரிட்டாலா, எங்கோ கேட்ட பெயராக இருக்கிறதே என்கிறீர்களா? சர்க்கரைக்குப் பதிலாகக் கடைகளில் விற்கும் இனிப்பூட்டிப் பொட்டலத்தைத் திருப்பிப் பாருங்கள்.

தடுப்பூசி கிடைத்த கதை அதைவிட ஜோர். ஜெர்சி பசு ஒன்றின் பாலில் கிடைத்த புரூசெல்லாவை ஜான் பக் என்பவர் 1923-ல் ஆய்வக மேசையிலேயே விட்டுவிட்டார். அது பாட்டுக்கு ஏறக்குறைய ஓராண்டு அறைச் சூட்டில் கிடந்தது; எடுத்துப் பார்த்தால் வீரியம் போய்விட்டிருந்தது, நோயெதிர்ப்பைத் தூண்டும் குணம் மட்டும் போகவில்லை. அதுதான் 'ஸ்ட்ரெயின் 19'! 2019-ல் இந்திய அரசு தொடங்கிய திட்டத்தில் 4 முதல் 8 மாதக் கிடேரிக் கன்றுகளுக்குப் போடுவது இந்த மறதியின் வாரிசைத்தான். உயிருள்ள கிருமி என்பதால், ஊசி போடுபவர் கையில் தவறிக் குத்திக்கொண்டால் அவருக்கே நோய் வரும்.

உங்கள் தோள்பட்டைக்குக் கீழே இருக்கிறதே பிசிஜி தழும்பு, அதுவும் மாட்டுச் சமாசாரம்தான்! மாட்டுக் காசநோய்க் கிருமியை மாட்டுப் பித்தநீர் சேர்த்த உருளைக்கிழங்கில் 13 ஆண்டுகளில் 230 முறை மாற்றி மாற்றி வளர்த்துச் சாதுவாக்கினார்கள். செய்தவர்களில் ஒருவரான கெரன் கால்நடை மருத்துவர்.

மறுபடி லெப்டோஸ்பைராவுக்கு வருகிறேன், ஒன்றைச் சொல்லாமல் விட மனசில்லை. பன்றிகளையும் மாடுகளையும் பிடிக்கும் பொமோனா வகை எங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது தெரியுமா? கடலில்! கலிபோர்னியாக் கரையில் வாழும் கடல் சிங்கங்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சிறுநீரகம் பழுதாகி, கூட்டம் கூட்டமாகக் கரையில் வந்து கிடக்கின்றன. 1970-லேயே இது பதிவாகியிருக்கிறது. 2013-ல் கிருமி சுத்தமாகக் காணாமல் போனது. நான்கு ஆண்டுகள் ஒரு கடல் சிங்கத்திடமும் சிக்கவில்லை. 2017-ல் திரும்ப வந்தது, 2018-ல் பெரிதாகவே வெடித்தது. ஆய்வாளர்கள் கடற்கரையோடு நிற்காமல் தீவுகளுக்குள்ளும் தேடினார்கள். கடல் சிங்கங்கள் ஏறிப் படுக்கும் சான்டா ரோசா தீவில், பூனையளவே இருக்கும் குட்டி நரிகளைப் பிடித்துப் பார்த்தால் அவற்றிடமும் அதே பொமோனா!