ஜல்லிக் குவியலிலிருந்து மலை ஏறுவோம்

ஒரகடம் கூட்டுரோட்டில் நின்று சுற்றிலும் பாருங்கள். புதுக் கார்களை அடுக்கிக்கொண்டு போகும் நீளமான டிரெய்லர் லாரிகள், தொழிற்சாலைச் சுற்றுச்சுவர்கள், ஷிப்டு பஸ்கள், இடையிடையே ஏரிகள். இந்தப் பக்கத்துப் பிள்ளைகளிடம் “மலை பார்க்கப் போகலாமா?” என்று கேட்டால் ஊட்டி, ஏற்காடு என்றுதான் பதில் வரும். ஆனால் உலகத்து நில அறிவியலாளர்கள் பெயர் சொன்னதுமே தெரிந்துகொள்ளும் ஒரு மலைவரிசை இங்கிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கிறது.

மலைக்குப் போகுமுன் கட்டட வேலை நடக்கும் ஓர் இடத்துக்குப் போவோம். ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் நடுவே அதற்குப் பஞ்சமே இல்லை. மேஸ்திரியிடம் கேட்டு, கருங்கல் ஜல்லிக் குவியலிலிருந்து ஒன்றே ஒன்றை எடுங்கள். நன்றாகக் கழுவி வெயிலில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். கறுப்பும் சாம்பலும் கலந்த நிறமா? சில மணிகளில் லேசான நீலச் சாயை தெரிகிறதா? உடைந்த பக்கத்தில் எண்ணெய்ப் பசையான மினுமினுப்பு இருக்கிறதா? அப்படியானால் உங்கள் கையில் இருப்பது அநேகமாக சார்னோகைட்.

மலையில் நிற்கும் பாறையைவிட ஜல்லியை முதலில் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மழையும் வெயிலும் பட்ட பாறையின் மேல்தோல் பழுப்பேறி, பாசி படர்ந்து, உள்ளே இருப்பதைக் காட்டாது. கிரஷரில் உடைபட்ட ஜல்லியில்தான் பாறையின் உண்மையான நிறம் தெரியும்.

சார்னோகைட் என்ற பெயர் வந்த கதை ஒரு கல்லறையில் தொடங்குகிறது. கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியான ஜாப் சார்னாக் 1693-ல் கல்கத்தாவில் இறந்தார். அவர் கல்லறைக்குப் போட்ட கருங்கல் நம் பல்லாவரத்திலிருந்து போனது. சரியாக 200 ஆண்டுகள் கழித்து, 1893-ல், இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த தாமஸ் ஹாலண்டு அந்தக் கல்லை ஆராய்ந்து, அதுவரை பெயரிடப்படாத பாறை வகை என்று கண்டார். கல்லறைக்காரரின் பெயரையே பாறைக்கு வைத்துவிட்டார். இன்று அண்டார்க்டிகாவிலோ நார்வேயிலோ இப்படிப்பட்ட பாறை கிடைத்தாலும் அதற்குச் சார்னோகைட் என்றுதான் பெயர். அதற்கு மூலமாதிரி இடம் பல்லாவரம், பரங்கிமலைப் பகுதி. பரங்கிமலையில் இருக்கும் சார்னோகைட்டைத் தேசிய நிலவியல் நினைவுச் சின்னமாக அறிவித்திருக்கிறார்கள்.

பரங்கிமலையின் உயரம் சுமார் 90 மீட்டர். தொட்டபெட்டா 2,637 மீட்டர். இரண்டும் சார்னோகைட்தான்! ஊட்டிக்குப் போய் நீங்கள் மிதிக்கும் பாறையும் பல்லாவரத்துப் பாறையும் ஒரே இனம்.

இப்போது வயதுக்கு வருவோம். பரங்கிமலைப் பாறையின் வயது சுமார் 250 கோடி ஆண்டுகள். இமயமலை எழத் தொடங்கியதே ஏறக்குறைய 5 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். இந்தப் பாறை உருவான காலத்தில் மரம் இல்லை, மீன் இல்லை, பூச்சி இல்லை. காற்றில் ஆக்சிஜன்கூட இல்லை என்றே சொல்லலாம். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் மட்டும் நீரில் வாழ்ந்தன.

இவ்வளவு பெரிய எண்ணை எப்படிச் சொல்கிறார்கள்? பாறைக்குள் சிர்க்கான் என்ற கனிமத்தின் மிகச் சிறிய படிகங்கள் இருக்கும். படிகம் உருவாகும்போது கொஞ்சம் யுரேனியம் அதற்குள் மாட்டிக்கொள்ளும். யுரேனியம் மெதுவாக ஈயமாக மாறும். யுரேனியம் 238 என்ற வகையில் பாதி மாறி முடிக்க ஏறக்குறைய 447 கோடி ஆண்டுகள் ஆகும். இந்த வேகம் கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. ஆகவே படிகத்தில் எவ்வளவு யுரேனியம் மிச்சம், எவ்வளவு ஈயம் சேர்ந்திருக்கிறது என்று அளந்தால் வயது கிடைத்துவிடும்.

பாறை பிறந்த ஆழத்தையும் பாறையே சொல்கிறது. சார்னோகைட்டில் ஹைப்பர்ஸ்தீன் என்றொரு கனிமம் இருக்கிறது. பாறைக்குள் நீர் இருந்திருந்தால் அதற்குப் பதில் அபிரகம் போன்றவை உருவாகியிருக்கும். நீர் மிகக் குறைந்து, வெப்பம் 700 டிகிரி செல்சியசைத் தாண்டினால்தான் ஹைப்பர்ஸ்தீன் நிலைத்து நிற்கும். அந்த வெப்பமும் அதற்கேற்ற அழுத்தமும் பூமிக்குள் 20 கிலோமீட்டருக்கும் கீழே இருந்தன. அதாவது நீங்கள் பல்லாவரத்தில் பார்ப்பது ஒரு மலையின் உச்சி அல்ல. எப்போதோ அங்கே நின்ற பெருமலையின் அடிவேர்.

அடிவேர் மேலே வந்தது எப்படி? பாரம் இறக்க இறக்கப் படகு தண்ணீரில் மேலே எழும்புமே, அப்படித்தான். மழையும் ஆறும் மேலே இருந்த பாறையைக் கோடிக்கணக்கான ஆண்டுகளாக அரித்துக் கடலுக்குக் கொண்டுபோயின. எடை குறையக் குறையக் கீழே இருந்த பாறை மெல்ல உயர்ந்தது.

இனி மலைக்கே போகலாம். ஒரகடத்திலிருந்து கிழக்கே படப்பை, மண்ணிவாக்கம் தாண்டினால் வண்டலூர். உயிரியல் பூங்காவுக்குப் புலியையும் யானையையும் பார்க்கத்தான் எல்லோரும் போகிறோம். அடுத்த முறை போகும்போது கூண்டுகளுக்குப் பின்னால் இருக்கும் குன்றையும் பாருங்கள். எனக்கு இந்தப் பகுதியில் மிகவும் பிடித்தது திருநீர்மலை. படியேறி மேலே போனால் பெருமாள் கோயில். அங்கிருந்து பல்லாவரம், திரிசூலம் குன்றுகள் வரிசையாகத் தெரியும். விமான நிலையம் அவற்றின் அடிவாரத்தில் இருப்பதும் புரியும்.

ஏறும் வழியில் பாறைகளின் வடிவத்தைக் கவனியுங்கள். விளிம்புகள் மழுங்கி உருண்டிருக்கும். பாறையில் இயற்கையாகவே குறுக்கும் நெடுக்குமாக வெடிப்புகள் உண்டு. அவற்றின் வழியே மழைநீர் இறங்கி ஃபெல்ஸ்பார் என்ற கனிமத்தைக் களிமண்ணாக மாற்றுகிறது. சமமான பக்கத்தை நீர் ஒரு திசையிலிருந்து மட்டும் தாக்கும். மூலையை மூன்று திசைகளிலிருந்து தாக்கும். அதனால் மூலைகள் முதலில் கரைந்து, சதுரமாக இருந்த கல் உருண்டையாகிறது. சில இடங்களில் மேல்தோல் ஏடு ஏடாக உரிந்து நிற்பதையும் பார்க்கலாம்.

அங்கேயே ஒரு சோதனை செய்யலாம். பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம் ஒன்றைப் பாலிதீன் பையில் சுற்றிக்கொள்ளுங்கள். அடிவாரத்தில் மழைநீர் ஓடிக் காய்ந்த மணலில் அதை மெல்ல இழுங்கள். கறுப்புத் துகள்கள் ஒட்டிக்கொண்டு வரும். பெரும்பாலும் அவை மேக்னடைட் என்ற இரும்புக் கனிமம், சார்னோகைட்டுக்குள் இருந்தவை. பையைக் காந்தத்திலிருந்து உருவினால் துகள்கள் உதிர்ந்துவிடும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். இந்தக் குன்றுகளைச் சுற்றிக் கைவிடப்பட்ட கல்குவாரிகள் இருக்கின்றன. அவற்றில் தேங்கிய பச்சைத் தண்ணீர் அழகாகத் தெரியும். கரை செங்குத்து, ஆழம் தெரியாது, பிடிக்க ஒன்றும் இருக்காது. இறங்கக் கூடாது. கால் நனைக்கக்கூடக் கூடாது.

ரோடு போடவும் வீடு கட்டவும் கல் வேண்டும், அதை மறுக்க முடியாது. ஆனால் எந்தக் குன்றை உடைப்பது, எதை விட்டுவைப்பது என்று முடிவு செய்யும்போது, இத்தனை வயதான, உலகத்துக்கே மாதிரியான பாறை என்பதையும் கணக்கில் எடுத்தாக வேண்டும். இது என் உறுதியான கருத்து.

சரி, குன்றுகள் பல்லாவரம் பக்கம் நிற்க, ஸ்ரீபெரும்புதூர் மட்டும் ஏன் தட்டையாக இருக்கிறது? இங்கே நிலத்தின் ஒரு பெரிய பகுதி பழங்காலத்தில் பிளந்து கீழே இறங்கியது. அந்தப் பள்ளத்தில் சேறும் மணலும் படிந்து, ஏடு ஏடாகப் பிரியும் மெல்லிய களிப்பாறை ஆயின. ஷேல் என்பார்கள். டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியக் காலத்தின் முற்பகுதி அது. பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் முன்பு. இந்தியா அண்டார்க்டிகாவை விட்டுப் பிரிந்துகொண்டிருந்த சமயம். அந்த ஏடுகளுக்குள் டைலோஃபில்லம் என்ற செடியின் இலைகள் அச்சாகப் பதிந்திருக்கின்றன. சைக்கஸ் செடி பார்த்திருப்பீர்கள். ஏறக்குறைய அந்தச் சாயல். ஒட்டகர் ஃபைஸ்ட்மாண்டல் என்ற அறிஞர் 1879-லேயே இந்தத் தாவரப் புதைபடிவங்களை விவரித்து எழுதினார். கடலில் வாழ்ந்த அம்மோனைட்டுகளும் இதே அடுக்குகளில் கிடைத்திருக்கின்றன. நிலவியல் நூல்களில் இந்தப் பாறைத் தொகுதிக்குப் பெயரே ‘ஸ்ரீபெரும்புதூர்’தான். போன் தயாரிக்கும் ஊர் என்று இதை அறிந்தவர்கள் அதிகம். இலை அச்சுகளின் ஊர் என்று அறிந்தவர்கள் குறைவு.

இன்னொரு மலைக்கு வடக்கே போக வேண்டும். அதற்கும் தொடக்கம் பல்லாவரம்தான். 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் அங்கே செம்மண் சரளைக் குழியில் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்கால ஆய்வு அன்று தொடங்கியது. பல்லாவரம் மலை சார்னோகைட், கோடரியோ குவார்ட்சைட் என்ற வேறு பாறை. சார்னோகைட்டின் மணிகள் பெரியவை, அடித்தால் கண்டபடி உடையும். குவார்ட்சைட் சில்லுச் சில்லாகப் பெயர்ந்து கூரான விளிம்பு தரும். ஆதி மனிதர்களுக்கு அது தெரிந்திருந்தது.

அந்தக் குவார்ட்சைட் கூழாங்கற்கள் மலையாகவே குவிந்திருக்கும் இடம் குடியம். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து திருவள்ளூர், பூண்டி வழியாகப் போய், கடைசியில் காட்டுக்குள் நடக்க வேண்டும். முள்ளும் சரளையுமான அந்தப் பாதையின் முடிவில் பெரிய பாறைக் குகை ஒன்று வாய் திறந்து நிற்கும். மனச்சம்மன் குகை என்பார்கள். அண்ணாந்து பாருங்கள்: சுவர், கூரை எங்கும் வழுவழுப்பான கூழாங்கற்கள் துருத்திக்கொண்டிருக்கும். பழைய மலைகளின் குவார்ட்சைட்டை ஆறுகள் உருட்டி வந்து குவித்தன. பிறகு மணலும் களியும் இடுக்குகளில் நிரம்பி எல்லாவற்றையும் இறுக்கிவிட்டன. 1860-களிலேயே ஃபூட் இங்கே வந்தார். 1962 முதல் 1964 வரை இந்தியத் தொல்லியல் துறை அகழாய்வு செய்தது.

அங்கிருந்து அதிக தூரமில்லை அத்திரம்பாக்கம். அங்கே கிடைத்த கற்கருவிகள் சுமார் 15 லட்சம் ஆண்டுகள் பழமையானவை என்று சாந்தி பப்புவும் அவருடைய குழுவினரும் 2011-ல் வெளியிட்டார்கள்.

குடியத்துக்குப் பெரியவர்களோடு போங்கள், தண்ணீர் நிறைய எடுத்துக்கொள்ளுங்கள். குகைக் கூரையில் மலைத்தேன் கூடுகள் தொங்கும்; சத்தம் போடக் கூடாது, நெருப்பு மூட்டக் கூடாது. தரையில் கிடக்கும் கற்களைப் பையில் போட்டுக்கொண்டு வராதீர்கள், அவற்றில் எது கருவி என்று பார்த்ததும் சொல்ல முடியாது. திரும்பும் வழியில் பூண்டியில் தமிழக அரசின் தொல்பழங்கால அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே கற்கோடரிகளின் கூர்நுனியை எல்லோரும் பார்ப்பார்கள். நீங்கள் அடிப்பக்கத்தைப் பாருங்கள். சிலவற்றில் செதுக்காமல் விட்ட ஒரு பகுதி, ஆற்றில் உருண்ட கூழாங்கல்லின் பழைய வழுவழுப்போடு அப்படியே இருக்கும்.